இடது கண் சுவர்

அந்தப் பெண் முதல் நாள் வந்து, என் மனைவி வீராயியின் இட்லிப் பானைக்கு நேர் மேலே சுவரில் ஒரு பெட்டியை மாட்டப் போவதாகச் சொன்னாள். மாட்டினால் கழற்றித் தண்டவாளத்தில் எறிவேன் என்றேன். டெல்லிக்கு வந்து நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. பெட்டியோடு வந்தவன், கேமராவோடு வந்தவன், இங்கே கைநாட்டு வை உனக்கு வீடு வரும் என்று காகிதத்தோடு வந்தவன் எல்லாரையும் பார்த்தாயிற்று. வந்தவர்கள் அவரவர் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் குடிசையை இரண்டு தடவை இடித்தார்கள்.

ரயில் பாதைக்குக் கீழே இரண்டு கண் உள்ள பாலம் அது. போகிற வண்டிக்கு இடது கண், வருகிற வண்டிக்கு வலது கண். இரண்டு ஆள் உயரம் இருக்கும். இடது கண்ணில் மட்டும் ஓரமாக நடைபாதை உண்டு, அதன் வாயில்தான் வீராயி காலையில் இட்லி விற்கிறாள். சிக்னல் விழுந்தால் ஆட்டோவும் டெம்போவும் உள்ளே வரிசையாக நின்று உறுமும். புகை போக இடமில்லாமல் உருண்டு வந்து அவள் தலைக்கு மேலாக வெளியேறும். பத்து மணிக்குச் சட்டினி வாளியின் மூடியைத் துடைத்தால் துணி கறுத்துப்போகும்.

"அங்கிள், ப்ளீஸ். இந்தப் பெட்டி புகையை எண்ணும், அவ்ளோதான். யாரையும் காலி பண்ண வரல" என்றாள் அந்தப் பெண்.

தமிழில் சொன்னாள். அதற்கு முன் இந்தியில்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

வீராயி அந்தத் தமிழில் உடனே மயங்கிவிட்டாள். "தமிழ்ப் பொண்ணுய்யா! மாட்டிட்டுப் போவட்டும் வுடு. ஒன் தலையிலயா ஆணி அடிக்குது?"

பெயர் மது. அப்பா வெங்கட்ராமன் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவராம், வீடு கரோல் பாக். இவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள், பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முனிர்காவில் அறை எடுத்திருக்கிறாள். தமிழ் பேசுவாளே தவிர ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அந்த ஒரு விஷயத்தில் அவளைவிடப் பெரிய படிப்பாளி.

நாலு இட்லி தின்றுகொண்டே, சுவருக்குப் பூச்சு அடிக்க ஆள் வேண்டும் என்று அவள் சொன்னதும் வீராயி என்னைக் கைகாட்டினாள். "இவரு பெயிண்டருதாம்மா. நாப்பது வருஷமா அடிக்கிறாரு. கை நல்ல கை. வாயை மட்டும் காதுல வாங்கிக்காத."

பூச்சு மூன்று பிளாஸ்டிக் கேனில் வந்தது. மோரில் துளி மஞ்சள் விழுந்த மாதிரி ஒரு நிறம். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

"டைட்டானியந்தான இது? எல்லா வெள்ளை பெயிண்டுலயும் இருக்கிற சரக்குதான்" என்றேன். ஊரை ஏமாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஹாங் அங்கிள், அதேதான்!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். "ஆனா இதுல ரொம்பக் கொஞ்சூண்டு இரும்பும் செம்பும் சேர்த்திருக்கோம். சும்மா டைட்டானியத்துக்கு வெயில் வேணும். வெயில்லயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு இருக்கு, அது வேணும். இந்தப் பாலத்துக்குள்ள வெயிலுக்கு எங்க போறது? இரும்பு சேர்ந்தா டியூப்லைட் வெளிச்சமே போதும். வெளிச்சம் பட்டா, சுவர்ல வந்து மோதுற புகை வாயுவை அது உடைச்சுடும்."

"ஒடைச்சி?"

"உப்பு மாதிரி சுவர்லயே நின்னுடும். வாரம் ஒரு தடவை தண்ணி அடிச்சுக் கழுவிடணும்."

"அப்ப சொவரு புகையத் தின்னும். நான் அதுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணி காட்டணும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சுவர் புகையைத் தின்னும் என்று ஒருத்தி சொன்னால் எவன் நம்புவான்? ஆனாலும் வேலை வேலைதான். இடது கண் முழுக்க, இரண்டு பக்கச் சுவரும், நாலு நாளில் அடித்து முடித்தேன். வலது கண்ணைத் தொடக் கூடாது என்றாள். அங்கேயும் ஒரு பெட்டி மாட்டினாள். இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவு வண்டி, ஒரே அளவு புகை. இடது பெட்டி வலதைவிட நூற்றுக்குப் பதினைந்தாவது குறைத்துக் காட்ட வேண்டும். ஜனவரி முப்பத்தொன்று வரைக்கும் கெடு. காட்டினால் இன்னும் பதினொரு பாலங்களுக்கு, பாலங்களைப் பார்த்துக்கொள்கிற அரசாங்க இலாகா கையெழுத்துப் போடும். காட்டாவிட்டால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இது போச்சுன்னா என் மூணு வருஷம் போச்சு அங்கிள்" என்றாள். "என் ஸ்காலர்ஷிப்பும் ஜனவரியோட முடியுது. சார்கிட்ட வேற ப்ராஜெக்ட் எதுவும் இல்ல." சார் என்றது அவளுடைய பேராசிரியர் அனந்தகிருஷ்ணனை.

அடித்துக் காய்ந்ததும் என் வழக்கப்படி உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு இழு இழுத்தேன். கை வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது, ஒட்டுது? பசையே பத்தல. ஒரு கை வெள்ளைப் பசை கரைச்சி வுட்டா கல்லு மாதிரி நிக்கும்."

"வேண்டாம் அங்கிள்! பசை போட்டா துகளெல்லாம் உள்ள புதைஞ்சுடும். காத்து வந்து அதைத் தொடணும். கொஞ்சம் உதிரும், பரவால்ல. இது மேல எதுவும் போடக்கூடாது. பக்கா?"

"சரிம்மா" என்றேன்.

சரி என்று என் வாயால்தான் சொன்னேன். எனக்குப் புரியவில்லை, காதில் விழவில்லை என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

நவம்பரில் புகை மூட்டம் கட்டியபோது அவள் பெட்டிகளைத் திறந்து கணக்குப் பார்த்தாள். பதினெட்டு. நூற்றுக்குப் பதினெட்டு குறைந்திருக்கிறது. நடைபாதையிலேயே குதித்தாள். மறுநாள் கரோல் பாக் வீட்டிலிருந்து மைசூர்பாகு கொண்டுவந்தாள். வீராயி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நெசமாத்தான்யா, தொண்டைக் கரகரப்பு கொஞ்சம் கொறஞ்ச மாதிரிதான் இருக்குது" என்றாள்.

"நெய்யில வழவழன்னு போவுது, கொறையாம என்னா பண்ணும்" என்றேன். ஆனால் சாயந்திரம் அவள் இருமவில்லை என்பதை நானும் கவனித்தேன். அதற்கு மேல் நம்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பரில் வேறு ஒன்று ஆரம்பித்தது. பனியில் ஆட்டோக்காரர்கள் பாதி வண்டியை நடைபாதையில் ஏற்றி ஓட்டுவார்கள். நடக்கிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியே வரும்போது எல்லாருக்கும் ஒரு பக்கத் தோள் வெள்ளை. ஸ்வெட்டர் வெள்ளை, பை வெள்ளை. சுவரைக் கழுவுகிறவன் நான், அடித்தவனும் நான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். திட்டு முழுக்க எனக்குத்தான்.

நான் அடித்த சுவரைத் தொட்டு ஒருத்தன் கை வெளுத்தது கிடையாது. வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் பசை கரைத்து ஊற்றித்தான் அடிப்பேன். வேலை முடிந்ததும் வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, அவன் பார்க்க என் உள்ளங்கையைச் சுவரில் இழுத்து, கையைத் திருப்பிக் காட்டுவேன். கை சுத்தமாக இருந்தால்தான் கூலியைக் கையில் வாங்குவேன். கூலிக்கு ஆள் பிடிக்கிற லேபர் சௌக்கில் நாலு பக்கமும் ஆட்கள் நின்றாலும் காண்டிராக்டர்கள் என்னைத் தேடி வந்தது அதற்காகத்தான்.

ஒரு வியாழக்கிழமை கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தன் வெளியே வந்தான். இண்டர்வியூவுக்குப் போகிறானோ என்னவோ, தலையெல்லாம் படியப் படிய வாரியிருந்தான். கோட்டின் இடது பக்கம் முழுக்க மாவு கொட்டின மாதிரி இருந்தது. "இதை அடிச்சது எவன்?" என்று இந்தியில் கத்தினான். நான் என்று சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவன் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்து, அந்தக் கையைக் கொண்டுவந்து என் கன்னத்தில் துடைத்தான். இந்தக் கன்னத்தில் ஒரு தடவை, அந்தக் கன்னத்தில் ஒரு தடவை. "இதுதான் உன் வேலையா, புட்டே?" என்றான். கிழவனே என்று அர்த்தம். இட்லிக்கு நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.

வீராயி சாம்பார்க் கரண்டியை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். "எங்கடா கைய வைக்கிற, ஒன் அப்பன் வயசுடா அவருக்கு!" தமிழில்தான் கத்தினாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இட்லிக் கடை எடுத்த பிறகு, ஆசாரிகள் மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை ஒரு டப்பா வாங்கிவந்தேன். வீராயியின் வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்தேன், மோர் மாதிரி. பட்டை பிரஷ்ஷால் கைக்கு எட்டும் உயரம் வரை, இரண்டு பக்கமும், ஒரே ஓட்டமாக ஓட்டினேன். அதற்கு மேலே எவன் தோள் படப்போகிறது?

"அந்தப் பொண்ணு எதுவும் போடக் கூடாதுன்னுச்சே?" என்றாள் வீராயி.

"அது படிச்ச பொண்ணு. சொவத்தப் பத்தி அதுக்கு என்னா தெரியும்? காஞ்சா கண்ணுக்கே தெரியாது."

காய்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை கையை இழுத்துப் பார்த்தேன். சுத்தம்.

அந்த வாரக் கணக்கில் மது முகம் சுளித்தாள். பதினொன்று. அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்தது ஐந்து.

அவள் செய்யாதது இல்லை. பெட்டியில் கோளாறு என்று பெட்டியை இடமும் வலமுமாக மாற்றி மாட்டினாள். வெளிச்சம் போதவில்லையோ என்று இலாகாவில் கெஞ்சி டியூப்லைட்டுகளைப் புதிதாகப் போட வைத்தாள். புகைக்கரி படிந்திருக்குமோ என்று என்னோடு சேர்ந்து முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சுவரைக் கழுவினாள். ஐந்து ஐந்தாகவே இருந்தது.

நானா? மெஷின் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். முதலில் பதினெட்டு காட்டியதும் பொய்யாக இருக்கும் என்று நினைத்தேன். சுவர் அதே சுவர், பூச்சு அதே பூச்சு, நான் அதை ஒட்டவைத்தேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன். மனுஷனுக்குத் தன் மேல் மட்டும் சந்தேகம் வருவதில்லை.

ஜனவரி இரண்டாவது வாரம் ஒரு சின்னப் புட்டியில் நீல மை கொண்டுவந்தாள். "இது ஈஸி டெஸ்ட் அங்கிள். சுவர் உயிரோட இருந்தா மையோட நீலத்தைத் தின்னுடும். மூணு நாலு மணி நேரத்துல வெளுத்துடும்." சுவர் நெடுக, இடுப்பு உயரத்தில் பத்துப் பொட்டு வைத்தாள். அப்புறம் ஏணி கேட்டாள். மேலே, கூரைக்குக் கொஞ்சம் கீழே, இன்னும் பத்து வைத்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

மதியம் பார்த்தால் மேல் வரிசையில் பத்துப் பொட்டும் காணாமல் போயிருந்தன. கீழ் வரிசை நீலம் மாறாமல், காலையில் வைத்தது போலவே இருந்தது.

"மேல உயிரோட இருக்கு, கீழ செத்துப் போச்சு" என்றாள் மது. "ஏன் அங்கிள்? ஒரே பூச்சு, ஒரே நாள் அடிச்சது. ஏன்?"

வீராயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் தெரிந்துவிட்டது. சுவரில் நீலம் எங்கே நிற்கிறது, எங்கே போய்விட்டது என்பதற்கு நடுவில் என் கை எட்டும் உயரம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

"கீழ ஓதம் ஏறியிருக்கும்மா" என்றேன். "பழைய சொவரு. மண்ணுலேர்ந்து ஈரம் இழுக்கும்."

"அச்சா?" என்று அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். "நீங்க நாப்பது வருஷம் சுவரோட இருந்தவர். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

அவள் போன பிறகு வீராயி நான் பசை கரைத்த வாளியை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள். வாளியின் அடியில் பசை காய்ந்து வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது.

மது எங்கிருந்தோ ஈரம் அளக்கிற ஒரு கருவியைக் கடன் வாங்கிவந்து நாலு நாள் சுவரின் காலடியில் குந்தியிருந்தாள். ஓதமே இல்லை என்று கருவி சொல்லச் சொல்ல, "நீங்க சொன்னா இருக்கும் அங்கிள், நான்தான் சரியா அளக்கல போல" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் இன்னும் நாலு நாள் சும்மா இருந்திருப்பேன். என் பேச்சை நம்பி மெஷினைச் சந்தேகப்பட்டாளே, அதைத் தாங்க முடியவில்லை.

"கருவிய வெச்சுடும்மா. ஓதம் இல்ல. நான் மேல பசை போட்டன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டிசம்பர்ல. கைக்கு எட்ற வரைக்கும். ஜனங்க துணியெல்லாம் வெளுக்குதுன்னு."

"எந்தப் பசை?"

"மரத்துக்குப் போட்றது."

வீராயி முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். மது அதில் உட்கார்ந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நின்றேன். இரண்டும் இல்லை.

"அதைத் தின்னும் அங்கிள்" என்றாள்.

"எதை?"

"உங்க பசையை. அந்தத் துகளுக்கு எது பக்கத்துல இருந்தாலும் தின்னும். அதனாலதான் நாங்க பசையே கம்மியா போட்டது. வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா தின்னு வெளிய வந்துடும்."

"எப்ப வரும்?"

"இந்த வெளிச்சத்துல... ஏப்ரல். மே."

கெடு பத்து நாளில் இருந்தது.

அன்றைக்கே வீராயி இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். பசைக்குச் சுடுதண்ணீர்தான் எமன் என்று எனக்குத் தெரியும். இரண்டடி இடத்தில் ஊற்றித் துணியால் மெதுவாகத் தேய்த்தேன். பசை இளகி வந்தது. அதோடு மஞ்சள் பூச்சும் வந்தது. அடியில் வெறும் சிமெண்டு பல்லைக் காட்டியது. பக்கத்தில் இரண்டடி உப்புத்தாள் போட்டுப் பார்த்தேன், பூப் போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அங்கேயும் அதே கதைதான். நான் நல்லா ஒட்டவைத்திருந்தேன். நாற்பது வருஷக் கை.

"விடுங்க அங்கிள்" என்றாள் மது. "இருக்கிறதும் போயிடும்."

"புதுசா ஒரு கேன் கொண்டாம்மா. ராவோட ராவா அடிச்சிக் குடுத்துட்றன். கூலி கீலி ஒண்ணும் வாணாம்."

"இல்ல அங்கிள். லேப்ல கொஞ்சம் கொஞ்சமா செய்யறது. அந்த மூணு கேனுக்கே ரெண்டு மாசம் ஆச்சு."

இருபத்தொன்பதாம் தேதி இலாகா பெரியவர் வெள்ளைக் காரில் வந்தார். கூடவே பேராசிரியர் அனந்தகிருஷ்ணன், முகத்தில் மாஸ்க், கழுத்தில் மப்ளர். மது கையில் காகிதக் கட்டு. கடைசி வாரம் ஒன்று கூடி ஆறு என்று அதில் எழுதியிருந்தது. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். ராத்திரியே தீர்மானித்துவிட்டேன், தப்பை என் தலையில் போட்டுக்கொண்டால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாள் என்று. அரசாங்கத்து ஆள் முன்னால் நானாக வாயைத் திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சாப்" என்று இந்தியில் சொன்னேன். "இந்தப் பெண்ணின் மருந்து சரியான மருந்து. நவம்பரில் பதினெட்டு காட்டியது. நான்தான் அவளிடம் கேட்காமல் மேலே பசை அடித்துக் கெடுத்தேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அவளுக்கு மூன்று மாசம் கொடுங்கள்."

அந்த ஆள் கோபப்படவில்லை. கெட்டவனாகவும் தெரியவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். நீலப் பொட்டுகளைப் பார்த்தார்.

"பசைக்கு என்ன செலவாச்சு பாபா?" என்று கேட்டார்.

"ஒரு டப்பாதான் சாப்."

"ஏன் அடிச்சீங்க?"

"துணியில் ஒட்டுகிறது என்று ஜனங்கள் திட்டினார்கள்."

அவர் அனந்தகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "ப்ரொஃபசர் சாப், பாருங்க. இவர் நல்ல மனுஷன். உங்க மேல அக்கறை உள்ளவர். சுவரைக் கழுவச் சொல்லி நீங்களே வெச்ச ஆள். இவரே ஒரு டப்பா பசையில இதைச் சாகடிச்சுட்டார். மத்த பதினொரு பாலத்துல யார் இருப்பாங்க? போஸ்டர் ஒட்டறவன், பான் துப்பறவன், தேர்தலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன். டெல்லிச் சுவர்ல நிக்க முடியாத மருந்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பேராசிரியர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மது இலாகா பெரியவரிடம் சொன்னாள், "சார், ஏப்ரல்ல அதுவே பசையைத் தின்னுட்டு வெளிய வரும். பெட்டி மட்டும் இருக்கட்டும். நான் சம்பளம் இல்லாம வந்து எண்ணறேன்."

"பேட்டா, பெட்டி ஜனவரி வரைக்கும்தான். வேற இடத்துக்குச் சொல்லியாச்சு" என்றார் அவர், மகளிடம் சொல்வது போல.

ஆறு என்று மட்டும் காகிதத்தில் இருந்திருந்தால், பனி, வெளிச்சம், மெஷின் என்று சொல்லி ஒருவேளை இன்னும் மூன்று மாசம் வாங்கியிருப்பார்கள். காரணம் தெரியாத ஆறுக்கு ஒரு வழி உண்டு. நான் வாயைத் திறந்து காரணத்தைக் கொடுத்தேன். காரை நோக்கி நடக்கும்போது பேராசிரியர் அதைத்தான் மதுவிடம் இங்கிலீஷில் சொன்னார் என்று நினைக்கிறேன். அவள் என் பக்கம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

பெட்டியைக் கழற்ற அவள் தனியாகத்தான் வந்தாள். நான் ஏணி பிடித்தேன். நாலு திருகாணியையும் ஒரு உறையில் போட்டுப் பத்திரமாக ஒட்டினாள்.

"அப்பா பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்றார்" என்றாள்.

வீராயி பொட்டலம் கட்டிக் கொடுத்த இட்லியை வாங்கிக்கொண்டாள். அவள் மெட்ரோ பக்கம் திரும்பும் வரை வீராயி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம், "ஒரு சாரி கேட்டியாய்யா அந்தப் பொண்ணுகிட்ட?" என்றாள்.

"கேட்டா பெட்டி திரும்ப வருமா?"

"கேக்கலன்னா மட்டும் வருமா?"

நான் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மார்ச் பிறந்ததும் இடது கண்ணுக்கு வெளியே ஒரு லாரி வந்து நின்றது. தகரப் பலகைகள் இறங்கின, ஒவ்வொன்றும் எட்டடி உயரம். ஏதோ கோச்சிங் சென்டர் விளம்பரம். கோட்டுப் போட்ட பையன்களும் பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். சுவரை இலாகா மூன்று வருஷத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறதாம். அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சட்டம் அடித்துக்கொண்டே வந்தார்கள்.

நான் மேஸ்திரியிடம் போனேன். பீகார்க்காரன், சின்ன வயசு. "தம்பி, இந்தச் சுவரில் வெளிச்சம் பட வேண்டும். ஏப்ரல், மே வரைக்கும் போதும். அதற்கப்புறம் மாட்டிக்கொள்ளுங்கள்" என்றேன்.

"சுவர்ல என்ன, செடியா வளர்க்கறீங்க?"

"மருந்து இருக்கிறது. புகையைத் தின்னும். இப்போது மூடியிருக்கிறது, தானே திறந்து வரும்."

அவன் கூட இருந்தவனைப் பார்த்தான். கேலி பண்ணவில்லை, அதுதான் மோசம். பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினான். "பாபாஜி, எனக்கு ஆர்டர் இருக்கு. உங்ககிட்ட காகிதம் ஏதாவது இருக்கா?"

என்னிடம் என்ன காகிதம் இருக்கும்? மதுவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இலாகாவுக்குப் போகலாம் என்றால் எந்த வாசலில் நின்று, யாரைக் கேட்டு, என்னவென்று சொல்வது? சுவரைக் கெடுத்த கிழவன் சுவரைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்றா?

"கொஞ்சம் இடைவெளி விட்டாவது மாட்டுங்கள்" என்றேன். "ஒரு சாண். ஓரத்தால் வெளிச்சம் போகும்."

"காத்துல பலகை ஆடும் பாபாஜி. ஆடினா என் வேலை போயிடும்."

அது நியாயம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் இடைவெளி விட மாட்டேன்.

பலகை பலகையாக வந்தது. சிமெண்டு தெரிகிற என் இரண்டடி இடம் மூடிப்போனது, அடுத்து நீலப் பொட்டுகள். வீராயி கடையை எடுத்துவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பலகை அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். அதைத் தூக்கும்போது கூட இருந்தவனுடைய கால் சரிவில் வழுக்கியது.

"பாபாஜி, ஜரா பகடியே!" என்று மேஸ்திரி கத்தினான். கொஞ்சம் பிடியுங்கள் என்று.

பிடித்தேன். பிடிக்காவிட்டால் பலகை அந்தப் பையன் காலில் விழுந்திருக்கும். தோளைக் கொடுத்துச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றேன். என் காதுக்குப் பக்கத்தில் டிரில் ஓடியது. மேலே இரண்டு, நடுவில் இரண்டு, கீழே இரண்டு. கடைசித் திருகாணி இறுகும் வரை கையை எடுக்கக் கூடாது என்று சொன்னான். நான் எடுக்கவில்லை.